நடுவர் தீர்ப்புகளை மூடிய அறையிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள்: என்எஃப்எல் ஆணையருக்கும் அணி உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் ரோஜர் குடெல் அவர்களுக்கும், 32 அணிகளின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

அமெரிக்காவில் வாழ்ந்து, இலையுதிர் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளை என்எஃப்எல் என்னும் உங்கள் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவன் நான். எந்த அணிக்காகவும் வாதாட இந்த மடலை எழுதவில்லை. நடுவர் தீர்ப்புகளின் தரத்தைப் பற்றி ரசிகர்களிடையே ஆண்டுக்கு ஆண்டு பெருகிவரும் மனக்கசப்பை உங்கள் முன் வைக்கவும், அதைத் தணிக்க உங்களால் முடிந்த ஒன்றைக் கேட்கவுமே எழுதுகிறேன். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒவ்வொரு நடுவரும் அளித்த தீர்ப்புகளை உங்கள் அலுவலகம் வாரந்தோறும் ஆராய்ந்து மதிப்பெண் இடுகிறது. பருவ இறுதியின் பிளேஆஃப் ஆட்டங்களுக்கு யாரை அனுப்புவது என்பதையும் அந்த மதிப்பீட்டைக் கொண்டே முடிவு செய்கிறீர்கள். அந்த மதிப்பீட்டை எங்களுக்கும் காட்டுங்கள். காட்சியை மீண்டும் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கும் ரீப்ளே அறையில் பேசப்படுவதை எங்களையும் கேட்க விடுங்கள்.

முதலில் நடுவர்களுக்கு நியாயம் செய்துவிடுகிறேன். களத்தில் 22 வீரர்கள் ஒரே நொடியில் பாய்கிறார்கள். அவர்களைக் கண்காணிக்க இருப்பவர்கள் ஏழு பேர். பலர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். பெரும்பாலோருக்கு வாரநாட்களில் வேறு வேலை இருக்கிறது. தொலைக்காட்சியில் நாங்கள் நான்கு கோணங்களில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பதை அவர்கள் ஒரே முறை, ஒரே கோணத்தில், முழு வேகத்தில் பார்க்கிறார்கள். அவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் வசைபாடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மனிதக் கண் தவறும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் நாங்கள் ஆட்டம் பார்க்க உட்காருகிறோம். தவறிய பிறகு நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

2019 ஜனவரி 20 அன்று நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆயினும் இந்த ஆட்டத்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கும் தமிழ் வாசகர்களுக்காக அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அது என்எஃப்எல்லின் இரு பிரிவுகளில் ஒன்றான என்எஃப்சியின் இறுதி ஆட்டம். வெல்லும் அணி பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்குச் செல்லும். நியூ ஆர்லியன்ஸின் செயின்ட்ஸ், எதிரணியான ராம்ஸ் இரண்டும் ஆளுக்கு 20 புள்ளிகளோடு சமநிலையில் இருந்தன. மீதமிருந்தது 1 நிமிடம் 49 நொடி. ராம்ஸின் 13 யார்டு கோட்டில் இருந்து செயின்ட்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) டிரூ பிரீஸ், எல்லைக் கோட்டை ஒட்டி ஓடிய டாமிலீ லூயிஸுக்குப் பந்தை வீசினார். பந்து இன்னும் காற்றில் இருக்கும்போதே ராம்ஸின் நிக்கெல் ரோபி-கோல்மன், பந்து வரும் திசையைத் திரும்பியும் பாராமல், முழு வேகத்தில் ஓடிவந்து லூயிஸின் மீது மோதி அவரைச் சாய்த்தார். பந்தைப் பிடிக்கப் போகிறவரை அது வந்து சேர்வதற்கு முன் இடிக்கக் கூடாது என்பது இந்த ஆட்டத்தின் அரிச்சுவடி. ஆனால் குற்றத்தை அறிவிக்க நடுவர் வீசும் மஞ்சள் கொடி விழவில்லை.

கொடி விழுந்திருந்தால் செயின்ட்ஸ் கடிகாரத்தைப் பெரும்பாலும் ஓட்டித் தீர்த்துவிட்டுக் கடைசி நொடிகளில், பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து மூன்று புள்ளி பெறும் எளிதான ஃபீல்டு கோல் ஒன்றால் வென்றிருக்க முடியும். விழாததால் உடனே மூன்று புள்ளி எடுத்து 23-20 என்று முன்னிலை பெற வேண்டியிருந்தது. ராம்ஸுக்குப் பதில் சொல்ல நேரம் கிடைத்தது. அவர்கள் சமன் செய்தார்கள். கூடுதல் நேரத்தில் கிரெக் சூர்லைன் 57 யார்டிலிருந்து அடித்த உதையால் 26-23 என்று வென்றார்கள். கூடுதல் நேரத்தில் பந்தை முதலில் பெற்றதும், பிரீஸின் வீச்சில் அதைப் பறிகொடுத்ததும் செயின்ட்ஸ்தான் என்பதை நான் மறைக்கவில்லை. ஒரே தீர்ப்பு மட்டுமே ஆட்டத்தை முடித்துவிட்டது என்று சொல்வது மிகை.

ஆனால் அதற்குப் பின் நடந்தவற்றைப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் செய்தியாளர்கள் சார்பில் ஒரே ஒருவர் மட்டும் தலைமை நடுவரைச் சந்தித்துக் கேள்வி கேட்கலாம் என்பது உங்கள் ஏற்பாடு. அன்று அவருக்குக் கிடைத்த பதில், அது அருகிலிருந்த நடுவரின் சொந்தத் தீர்ப்பு, தாம் அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை என்பதுதான். தவறு நேர்ந்துவிட்டதாக உங்கள் அலுவலகம் தொலைபேசியில் ஒப்புக்கொண்டதைச் செயின்ட்ஸின் பயிற்சியாளர் ஷான் பேட்டன் வாயிலாகவே ஊர் அறிந்தது. மோதிய வீரருக்கு அதே மோதலுக்காகப் பிறகு அபராதம் விதித்தீர்கள். அதாவது களத்தில் குற்றமாகத் தெரியாதது உங்கள் அலுவலகத்தில் குற்றமாயிற்று. ஆணையர் அவர்களே, நீங்கள் பொதுவெளியில் வாய் திறக்கப் பத்து நாட்கள் ஆயின. அந்தப் பத்து நாட்களில் ஒரு நகரமே கொதித்தது. டிக்கெட் வாங்கியவர்கள் தொடுத்த வழக்கு லூசியானா மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று, அங்கே தள்ளுபடி ஆனது. சூப்பர் பௌலுக்கு மறுநாள் நியூ ஆர்லியன்ஸின் நாளிதழ் தன் முதல் பக்கத்தை ஏறத்தாழ வெறுமையாகவே அச்சிட்டு, எந்த சூப்பர் பௌல் என்று கேட்டது. முதல் நாள் இரவே நேராக வந்து பேசியிருந்தால் அந்தக் கோபத்தில் பாதியாவது தணிந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அடுத்த மார்ச்சில் 31-க்கு 1 என்ற வாக்கில், இத்தகைய இடையூறுகளையும் ரீப்ளேயில் மறுபரிசீலனை செய்யலாம் என்று விதியை மாற்றினீர்கள். ஓராண்டுச் சோதனையாக வந்த அந்த விதி 2019 பருவத்தோடு மறைந்தது. அது தோற்றதற்கு, இத்தகைய தீர்ப்புகள் ரீப்ளேக்கு ஒத்துவராதவை என்பதே உங்கள் தரப்பில் சொல்லப்படும் காரணம். எனக்கு வேறாகப் படுகிறது. களத் தீர்ப்பை மாற்ற எவ்வளவு தெளிவான சான்று வேண்டும் என்ற அளவுகோல் அந்தப் பருவம் முழுவதும் யாருக்கும் பிடிபடவில்லை. நவம்பரில் ரேவன்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் டெக்ஸன்ஸின் டிஆண்ட்ரே ஹாப்கின்ஸ் பந்து வருமுன்பே கட்டிப்பிடிக்கப்பட்டதை எல்லோரும் பார்த்தார்கள். பயிற்சியாளர் மறுபரிசீலனை கேட்டும் தீர்ப்பு மாறவில்லை. நியூயார்க்கிலுள்ள ரீப்ளே அறையில் இருந்தவர்கள் எதைப் பார்த்தார்கள், எதை எடைபோட்டார்கள் என்பதை அவர்கள் குரலில் அப்போதே கேட்டிருந்தால் பயிற்சியாளர்களும் ரசிகர்களும் அந்த அளவுகோலைக் கற்றுக்கொண்டிருப்பார்கள். அளவுகோலே தவறாக இருந்திருந்தால் அதுவும் இரண்டு வாரங்களில் வெளிப்பட்டிருக்கும்.

2023 டிசம்பர் 30 அன்று ஆர்லிங்டனில் நடந்தது இன்னொரு வகை. கௌபாய்ஸுக்கு எதிராக 23 நொடி மீதமிருக்கும்போது ஆறு புள்ளி தரும் டச்டவுன் அடித்து 20-19 என்று நெருங்கிய லயன்ஸ், ஒரு புள்ளி உதையால் ஆட்டத்தைச் சமன் செய்வதற்குப் பதிலாக வெல்வதற்கே துணிந்து இரண்டு புள்ளி முயற்சியில் இறங்கியது. எதிரணியைத் தடுப்பதையே வேலையாகக் கொண்ட தாக்குதல் வரிசையின் டெய்லர் டெக்கர் பந்தைப் பிடித்தார். அவரைப் போன்ற வரிசை வீரர் பந்தைப் பிடிக்க வேண்டுமானால் அதைத் தலைமை நடுவரிடம் முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். தெரிவித்தேன் என்றார் டெக்கர். அந்த உத்தியை ஆட்டத்திற்கு முன்பே நடுவர்களிடம் விளக்கியிருந்ததாகப் பயிற்சியாளர் டான் கேம்ப்பெல் கூறினார். தெரிவித்தவர் 70 எண் சட்டைக்காரர்தான், டெக்கர் அல்லர் என்றார் நடுவர். புள்ளிகள் செல்லாமல் போக, லயன்ஸ் 20-19 என்று தோற்றது. இங்கே யார் சொல்வது உண்மை என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கோடிக்கணக்கான டாலர் புழங்கும் ஓர் ஆட்டத்தின் முடிவு இரண்டு மனிதர்களின் சொல்லுக்குச் சொல் என்ற நிலையில் தொங்கி நின்றதையே சுட்டுகிறேன். அந்தச் சில நொடி உரையாடலை நாங்கள் கேட்க வழியிருந்திருந்தால் அன்றிரவே அந்தச் சர்ச்சை அடங்கியிருக்கும்.

2024 அக்டோபர் 24 வியாழக்கிழமை இரவு ராம்ஸுக்கு எதிரான ஆட்டம். வைக்கிங்ஸ் 28-20 என்று எட்டே புள்ளி பின்தங்கியிருந்தது. ஒரு டச்டவுனும் இரண்டு புள்ளி முயற்சியும் கைகூடினால் சமன். தன் எல்லைப் பகுதிக்குள் நின்றிருந்த குவார்ட்டர்பேக் சாம் டார்னால்டின் தலைக்கவசக் கம்பியைப் பின்னாலிருந்து வந்த பைரன் யங் பிடித்து இழுக்க, டார்னால்டின் தலை ஒரு பக்கம் திருகிக்கொண்டு உடல் தரையில் விழுந்தது. கழுத்தெலும்பைக் காப்பதற்கென்றே இருக்கும் விதி அது. கொடி விழவில்லை, எதிரணி வீரரை அவரது எல்லைப் பகுதிக்குள் சாய்த்ததற்காக ராம்ஸுக்கு இரண்டு புள்ளி, 30-20, ஆட்டம் முடிந்தது. குவார்ட்டர்பேக் மறுபக்கம் திரும்பியிருந்ததால் தமக்குச் சரியாகத் தெரியவில்லை என்று நடுவர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் திரையின் முன் உட்கார்ந்திருந்த ரீப்ளே நடுவருக்குத் தெரிந்தது. விழாத கொடியை வீசச் சொல்லும் அதிகாரத்தை உங்கள் விதி அவருக்குத் தரவில்லை. 2025-ல் நீங்கள் விரிவாக்கிய ரீப்ளே உதவியும், தவறாக விழுந்த கொடியைத் திரும்ப எடுக்கத்தான் இவ்வகைக் குற்றங்களில் துணை நிற்கிறது. வீரரின் கழுத்து சம்பந்தப்பட்ட குற்றத்தில் ஏன் இந்த ஒருவழிப் பாதை? இதற்கு நேரான பதில் ஒன்றை உங்களிடமிருந்து நான் இன்னும் படிக்கவில்லை.

2025 ஜனவரியில் பில்ஸ், சீஃப்ஸ் அணிகள் மோதிய, மற்றொரு பிரிவான ஏஎஃப்சியின் இறுதி ஆட்டத்தில் பில்ஸின் ஜாஷ் ஆலன் நான்காவது முயற்சியில் ஒரு யார்டுக்காக முட்டித் தள்ளியபோது, இருபுறத்திலிருந்தும் ஓடிவந்த இரு நடுவர்கள் பந்து நின்ற இடத்தை இரண்டாகக் குறித்தார்கள். பில்ஸுக்குப் பாதகமான இடம் நிலைத்தது. 32-29 என்று அவர்கள் தோற்றார்கள். அந்தப் பருவம் முடிந்ததும், நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு கடந்து பெறும் முதல் டவுனை அளக்கக் கேமராக்களைக் கொண்டுவந்தீர்கள். நல்ல முயற்சிதான். ஆனால் பந்தை எங்கே வைப்பது என்பதை இன்றும் நடுவரின் கண்ணும் காலும்தான் முடிவு செய்கின்றன. அதற்குப் பிறகான தூரத்தை மட்டுமே கேமரா அளக்கிறது.

இவற்றையெல்லாம் தொடர்ந்து பார்ப்பவரின் மனத்தில் என்ன முளைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சில அணிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்புகள் வளைக்கப்படுகின்றன என்ற பேச்சை அபத்தம் என்று நீங்கள் ஒதுக்கினீர்கள். நானும் அதை நம்பவில்லை. ஆனால் உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. அதிலும் மூடுவதற்குப் பயன்படக்கூடிய சான்றுகளை நீங்களே பூட்டி வைத்திருக்கும்போது முடியவே முடியாது. விளையாட்டுச் சூதாட்டத்தை 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் விருப்பத்திற்கு விடும் வரை அதை எதிர்த்து வழக்காடியவர்கள் நீங்கள். 2021-ல் மூன்று பெரிய பந்தய நிறுவனங்களோடு நீங்களே கைகோத்தீர்கள். இன்று ஒளிபரப்பின் இடையே பந்தய விளம்பரங்கள் வருகின்றன. விழாத ஒரு கொடியால் யாரோ ஒருவரின் சம்பளப் பணம் கைமாறுகிறது. பங்குச் சந்தை ஒன்று தன் விலைப் பட்டியலை மறைத்து வைத்துக்கொண்டு என்னை நம்புங்கள் என்று சொல்ல முடியாது. பந்தய நிறுவனங்களோடு கைகோத்த அமைப்புக்கு வெளிப்படையாக இருக்கும் கடமை முன்னைவிடப் பன்மடங்கு கூடிவிட்டது. நீங்களோ நடுவரைக் குறைகூறும் பயிற்சியாளருக்கும் வீரருக்கும் அபராதம் விதித்து, உள்ளிருந்து பேசக்கூடிய வாய்களையும் அடைத்துவிடுகிறீர்கள்.

நான் கேட்பது புதிதும் அல்ல, இயலாததும் அல்ல. கூடைப்பந்தில் என்பிஏ, நெருக்கமாக முடியும் ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளை ஒன்றுவிடாமல் ஆராய்ந்து, எது சரி, எது பிழை என்று 2015 முதல் மறுநாளே வெளியிடுகிறது. அதனால் நடுவர்களின் மதிப்பு குலைந்து ஆட்டம் நின்றுவிடவில்லை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, மூன்றாம் நடுவர் பந்து மட்டையில் பட்டதா, எங்கே குத்தியது, ஸ்டம்பில் படுமா என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டே முடிவுக்கு வருவதைக் கேட்பது பழகிப்போன ஒன்று. அந்த முடிவோடு முரண்படுபவர்கூட அதற்கு எப்படி வந்தார்கள் என்பதை அறிந்துதான் முரண்படுகிறார். உங்கள் நாட்டிலேயே 2020-ல் நடந்த எக்ஸ்எஃப்எல் என்ற மற்றொரு கால்பந்துத் தொடரில் ரீப்ளே அறையின் உரையாடலை நேரலையில் ஒலிபரப்பினார்கள். அதை ரசிகர்கள் வரவேற்றார்கள்.

நடுவர்களை முழுநேர ஊழியராக்குவதையும் சேர்த்தே சிந்தியுங்கள். 2017-ல் சிலரை அவ்வாறு நியமித்துவிட்டு இரண்டே ஆண்டுகளில் கைவிட்டீர்கள். மனம் வைத்தால் நீங்கள் எவ்வளவு விரைவாகச் செயல்படுவீர்கள் என்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். 2012 செப்டம்பர் 24 அன்று சியாட்டிலில் கடைசி வீச்சில், தகராறால் வெளியே நிறுத்தப்பட்டிருந்த நடுவர்களுக்குப் பதிலாக வந்த மாற்று நடுவர்கள் இருவர் அருகருகே நின்று இருவேறு சைகை காட்டி, பேக்கர்ஸ் 14-12 என்று தோற்ற பிறகு, மாதக்கணக்கில் இழுபட்ட ஊதிய, ஓய்வூதியத் தகராறு இரண்டு நாட்களில் தீர்ந்து, பழைய நடுவர்கள் வியாழக்கிழமையே களத்திற்குத் திரும்பினார்கள்.

உங்கள் ஆண்டுக் கூட்டம் மார்ச்சில் கூடும். விதியை மாற்ற 32-ல் 24 வாக்குகள் வேண்டும். முன்மொழிய ஓர் அணி போதும். ரீப்ளே அறையின் ஒலியை ஒளிபரப்பில் சேர்ப்பது, எட்டு புள்ளிக்குள் முடியும் ஆட்டங்களின் இறுதிக் கட்டத் தீர்ப்புகளைப் பற்றிய மதிப்பீட்டை மறுநாள் மாலைக்குள் வெளியிடுவது, தலைக்கவசக் கம்பியைப் பிடித்து இழுப்பது போன்ற கண்ணெதிரே தெரியும் குற்றங்களில் ரீப்ளே நடுவரே கொடி வீசச் சொல்ல அதிகாரம் அளிப்பது ஆகிய மூன்றையும் அக்கூட்டத்தில் விவாதத்திற்கு எடுத்து, வாக்கெடுப்பில் எந்த அணி எப்படி வாக்களித்தது என்பதையும் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உங்களில் யார் அதை முன்மொழியப் போகிறீர்கள் என்பதற்கான பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டத்தை நேசிக்கும் தமிழ் ரசிகன்