சோம்பேறி என்றது யாரை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடற்பயிற்சி செய்யாதவர்களுக்குப் பணம் கொடுத்து நடக்க வைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆர்வத்தில், இரண்டாம் முறை கோபத்தில். ‘சோம்பேறிகளை எழுப்பக் காசைவிட நல்ல அலாரம் இல்லை’ என்று ஒரு வரி. அதைத் தனியே எடுத்துப் பெரிய எழுத்தில் பெட்டி கட்டி வேறு போட்டிருந்தீர்கள். கண் மங்கிய சோம்பேறிகளும் படிக்கட்டும் என்ற நல்லெண்ணமாகத்தான் இருக்கும்.

அந்தச் சோம்பேறிகளில் நானும் ஒருவன். வயது 54, வேலை கணக்குப் பிரிவில். ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால், மாதக் கடைசியில் எழுந்திருக்க இரவு எட்டாகிவிடும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அலுவலகத்தில் எல்லோர் கையிலும் ஒரு ஸ்மார்ட் வாட்சைக் கட்டிவிட்டார்கள். நாளுக்கு 7,000 ஸ்டெப். மாதம் பிறந்ததும் ஒரு தொகையை நம் பெயரில் எழுதிவிடுவார்கள். நடக்காத ஒவ்வொரு நாளுக்கும் அதில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். இது அவர்கள் மூளையில் உதித்ததல்ல. அமெரிக்காவில் 281 ஊழியர்களை 13 வாரம் வைத்துப் பார்த்து 2016இல் வெளியான ஆய்வில், பரிசு கொடுப்பதைவிடக் கொடுத்ததைப் பிடுங்குவதுதான் நன்றாக வேலை செய்தது. உங்களுக்குத் தெரியாததா? ஆனால் அப்படிப் பிடுங்கியும் அவர்கள் இலக்கைத் தொட்டது 45 விழுக்காடு நாள்களில்தான். ஒரு காசும் வாங்காதவர்கள் சும்மாவே 30 விழுக்காடு நாள்களில் தொட்டிருக்கிறார்கள்.

நானும் நடந்தேன், பொய் சொல்லவில்லை. காசையும் வாங்கிக்கொண்டேன். இரவு பதினொன்றே முக்காலுக்கு 300 ஸ்டெப் பாக்கி என்று சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். என் மகன் சோபாவில் படுத்தபடியே, “எதுக்குப்பா சுத்துறீங்க? கையை மட்டும் ஆட்டுங்க, ஏறிடும்” என்றான். ஆட்டினேன். ஏறியது. பக்கத்து மேசைக்காரர் இன்னும் கெட்டிக்காரர், வாட்சைத் தன் ஆறு வயதுப் பேத்தி கையில் கட்டிவிட்டு வருவார். அந்த மாதம் பிரிவிலேயே முதலிடம் அவருக்குத்தான்.

மாமனாரை மருத்துவமனையில் சேர்த்த அன்று மருந்துக்கும் பில்லுக்கும் ஸ்கேனுக்குமாக நான்கு மாடி ஏறி இறங்கினேன். வாட்ச் வீட்டில் சார்ஜில் கிடந்தது. மறுநாள் காலையில் செய்தி வந்தது: ‘நேற்று நீங்கள் நகரவில்லை. தொகை கழிக்கப்பட்டது.’

இதைவிட எனக்கே வெட்கமான ஒன்று உண்டு. ஒருநாள் மாலை நடந்துகொண்டிருக்கும்போது வாட்சில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். கணக்கில் ஏறாத நடையை எதற்கு நடப்பானேன்? அதற்கு முன்பெல்லாம் மூன்றாம் மாடி நண்பரைப் பார்க்கப் படியேறிப் போகிறவன் நான், அதற்கு யாரும் காசு தந்ததில்லை. திட்டத்தை நிறுத்தி வாட்சைத் திருப்பி வாங்கிக்கொண்ட பிறகு அவருக்கும் போனில்தான் பேசுகிறேன்.

உங்கள் கட்டுரையாளர் சிங்கப்பூர் ஆய்வைப் பெருமையாக எடுத்துக்காட்டினார். 13 நிறுவனங்கள், 800 ஊழியர்கள், பணம் கொடுத்த ஆறு மாதத்தில் நடை கூடியது. சரி. அதே ஆய்வில், பணத்தை நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தக் கூடுதல் காணாமல் போயிருந்தது. உடல்நிலையிலும் முன்னேற்றம் தெரியவில்லை. பாதியைச் சொல்லிவிட்டு மீதிக்கு இடம் போதவில்லையா? அதற்கு மேலே அரைப் பக்கத்துக்கு ஒரு படம் இருந்ததே, விடியற்காலையில் வியர்வையே இல்லாமல் ஓடும் இருபத்தைந்து வயது இளைஞர்! உடற்பயிற்சி என்றாலே அவர்தான் ஓடுகிறார். எங்கள் வயதுக்காரர் ஒருவராவது உங்கள் இதழில் நடந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘நாளுக்கு 10,000 ஸ்டெப் கட்டாயம்’ என்று எழுதினீர்கள். அந்த எண் 1965 வாக்கில் ஜப்பானில் விற்ற நடைமானியின் பெயரிலிருந்து வந்தது, மருத்துவர் யாரும் அளந்து சொன்னதல்ல என்று அப்போதே கடிதம் போட்டேன். வெளியிடவில்லை. பதிலும் இல்லை. நான் ஒன்றும் வருத்தப்படவில்லை, 19 ஆண்டு வாசகனுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம்.

பணமே கூடாது என்பதல்ல என் பேச்சு. அமெரிக்க ஜிம்களில் 61,000 பேருக்கு மேல் கலந்துகொண்டு 2021இல் வெளியான பெரிய ஆய்வில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உத்திகளைச் சோதித்தார்கள். எல்லாவற்றையும்விட நன்றாகப் பலித்தது எது தெரியுமா? ஒருநாள் வராமல் விட்டவர் மறுபடி வந்தால், அதற்கென்று சின்னதாக ஒரு கூடுதல் பரிசு. விட்டவனைத் திட்டாமல், திரும்பி வந்ததற்குக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் விட்டதற்குப் பிடித்தார்கள், நீங்கள் பெட்டி கட்டிப் பெயர் வைக்கிறீர்கள். ஒன்பது மணி நேரம் நாற்காலியில் உட்கார வைக்கிற வேலையை யாரும் சோம்பேறி வேலை என்று எழுதிப் பார்த்ததில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில், சிங்கப்பூர் ஆய்வின் மீதிப் பாதியை இரண்டு வரியில் போடுங்கள். இனி எங்களைக் குறிப்பிட வேண்டி வந்தால் ‘உடல் அசைவு குறைந்தவர்கள்’ என்று எழுதுங்கள். சோம்பேறி என்பதைவிட நீளம்தான். அந்த ஓடும் இளைஞரின் படத்தை ஒரு விரற்கடை சுருக்கினால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
நாற்காலியில் உட்கார்ந்தபடியே,
உங்கள் பழைய வாசகன்