டோஸ் குறைந்தால் பலன் குறையாது, பலனே இராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடல் பாக்டீரியாக்களையே மருந்தாக்கும் முயற்சி பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். எழுத வேண்டிய விஷயம்தான். ஆனால் நல்ல பாக்டீரியாவை உள்ளே அனுப்பினால் கெட்டது தானாக ஒழிந்துவிடும் என்ற எண்ணத்தை அது வாசகர் மனத்தில் விதைத்துவிடுகிறது. மாத்திரைக்குள் இருப்பவை உயிரினங்கள். ஏற்கெனவே குடலில் குடியிருப்பவற்றோடு அவை போட்டியிட்டாக வேண்டும். அந்தப் போட்டியின் கணக்கைப் பார்க்காமல் இந்த மருந்துகளின் வெற்றி தோல்வியைப் புரிந்துகொள்ள முடியாது.

கட்டுரை குறிப்பிட்ட, கடும் வயிற்றுப்போக்கைத் தரும் சி. டிஃபிசிலி என்ற பாக்டீரியாவின் தொற்றையே எடுத்துக்கொள்வோம். வேறு நோய்க்கு எடுத்த ஆன்டிபயாடிக் குடலின் வழக்கமான பாக்டீரியாக்களைக் கொன்றுவிடுகிறது, வெற்றிடத்தில் சி. டிஃபிசிலி பெருகி நச்சைச் சுரக்கிறது. இதற்குத் தரும் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் அதை அடக்கும். ஆனால் அதன் வித்துகளை, அதாவது கடினமான உறைக்குள் உறங்கும் அதன் வடிவத்தை, தொடாது, மிச்சமிருக்கும் போட்டியாளர்களையும் சாய்த்துவிடும். மருந்தை நிறுத்தியதும் வித்துகள் முளைக்கின்றன.

கணக்கு இங்கேதான் வருகிறது. அதன் வேர் மீன்பிடிப்பில் இருக்கிறது. முதல் உலகப் போரில் மீன்பிடிப்பு குறைந்தபோது, ஏட்ரியாட்டிக் கடலோர ஃபியூமே துறைமுகத்துக்கு வந்த மீன்களில் சுறா, திருக்கை போன்ற வேட்டை மீன்களின் பங்கு 1914இல் 11.9 சதவீதமாக இருந்து 1918இல் 36.4 ஆனது, 1923இல் 10.7க்கு இறங்கியது. உயிரியலாளர் உம்பர்ட்டோ டான்கோனா தொகுத்த இந்த எண்களுக்குக் கணிதவியலாளர் விட்டோ வோல்ட்டேரா 1926இல் சமன்பாட்டால் விடை சொன்னார். வேட்டை மீன், இரை மீன் இரண்டையும் ஒருசேரப் பிடித்தால் சராசரியில் இரைக்கு லாபம், வேட்டை மீனுக்கு நஷ்டம். குடலில் நடப்பது பெரும்பாலும் வேட்டை அல்ல, போட்டி. ஆனாலும் சமன்பாடு அதே குடும்பம்.

போட்டிச் சமன்பாட்டில், ஒவ்வோர் இனமும் தன்னைத் தடுப்பதைவிட மற்றதை அதிகமாகத் தடுத்தால் இரண்டும் சேர்ந்து நீடிக்காது. வளர்ச்சி வேகம், இடக் கொள்ளளவு, தடுக்கும் வலு எல்லாம் இரண்டுக்கும் சமமென்று வைத்து, ஒன்றை 100 என்றும் மற்றதை 99 என்றும் தொடங்கினால், 100 நிலைக்கும், 99 அழியும். நிஜக் குடலில் இவ்வளவு சமச்சீர் இருக்காது. யார் வெல்வார் என்பதைத் தீர்மானிக்கும் வரம்பு வேறிடத்தில் விழும். ஆனால் வரம்பு என்று ஒன்று இருந்தால், அதற்குக் கீழே கொடுத்த டோஸ் பாதிப் பலன்கூடத் தராது. முதலில் வான்கோமைசினால் எதிரியைக் குறைப்பதும், பிறகே மாத்திரை கொடுப்பதும் இதனால்தான். வான்கோமைசின் குடலில் தங்கியிருந்தால் முளைத்துவரும் புதியவையும் சாகும். அதைக் கழுவ இடையில் மெக்னீசியம் சிட்ரேட் பேதி மருந்து தரப்படுகிறது. வரிசை பிசகினால் நல்ல மருந்தும் தோற்கும்.

எஸ்.இ.ஆர்-109 என்ற மருந்தின் கதை இதைச் சொல்கிறது. கொடையாளர் மலத்தை எத்தனாலில் பதப்படுத்தி வித்துகளை மட்டும் பிரித்தெடுத்த மாத்திரை அது. 2016இல் இரண்டாம் கட்டச் சோதனையில் தோற்றது. தரவை மறுபடி அலசியபோது இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. டோஸ் போதவில்லை. நோய் திரும்பியதா என்பதைப் பலருக்கு பி.சி.ஆர். என்ற மரபணுப் பரிசோதனை மூலம் முடிவு செய்திருந்தார்கள். நச்சுக்கான மரபணு இருக்கிறது என்பதைத்தான் பி.சி.ஆர். சொல்லும், நச்சு சுரக்கிறதா என்பதை அல்ல. கிருமியைச் சும்மா சுமந்துகொண்டிருப்பவருக்கு வேறு காரணத்தால் வயிற்றுப்போக்கு வந்தாலும் அது நோய் திரும்பியதாகவே பதிவாகும். மூன்றாம் கட்டத்தில் நச்சுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கி, டோஸையும் பல மடங்கு உயர்த்தி, தினம் 4 மாத்திரை வீதம் 3 நாள் கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் நோய் திரும்பியது மருந்துக் குழுவில் 12 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 40 சதவீதம். 2023 ஏப்ரலில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. எட்டு பாக்டீரியா வகைகளைக் கொண்ட வி.இ. 303 மருந்தின் இரண்டாம் கட்டத்தில் நோய் திரும்பியது அதிக டோஸில் 13.8, குறைந்த டோஸில் 37.0, போலி மருந்தில் 45.5 சதவீதம். மொத்தம் 79 பேரே என்பதால் இதை வரம்புக்கு நிரூபணம் என்று சொல்லமாட்டோம். ஆனால் குறைந்த டோஸ் போலி மருந்தின் பக்கமே நிற்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் கணக்குப் போட்டே டோஸை முடிவு செய்யலாமே என்று கேட்கலாம். சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. 10 இனங்களுக்கு 10 வளர்ச்சி வேகம், ஒன்றின் மீது ஒன்றின் பாதிப்பு (தன்மீதும் சேர்த்து) 100, ஆன்டிபயாடிக் பாதிப்பு 10, ஆக 120 தெரியாத எண்கள். 100 இனங்களுக்கு 10,200. ஆய்வக எலி ஒன்றிடம் 21 நாள் தினமும் மலம் எடுத்தால் 100 இனங்களுக்குக் கிடைப்பது 2,100 அளவீடுதான். அந்த அளவீட்டிலும் பொறி உண்டு. எந்தெந்த பாக்டீரியா இருக்கிறது என்று காட்டும் 16எஸ் மரபணு வாசிப்பு, விகிதத்தை மட்டுமே தரும். ஆன்டிபயாடிக்கால் மொத்தம் பத்தில் ஒன்றாகச் சுருங்கி, ஓர் இனம் மட்டும் அசையாமல் இருந்தால், அதன் பங்கு 5 சதவீதத்திலிருந்து 50 ஆகும். கணினி மாதிரியோ ஆன்டிபயாடிக் அந்த இனத்தை வளர்த்தது என்று முடிவு கட்டும். மொத்த பாக்டீரியாவை அளவறி பி.சி.ஆர். மூலம் தனியே அளக்காத ஆய்வை நாங்கள் நம்புவதில்லை. எலிகள் ஒன்றன் கழிவை மற்றொன்று தின்னும். ஒரே கூண்டின் 5 எலிகளை 5 தனிச் சான்றுகளாக எண்ணுவதும் தப்பு.

இவ்வளவு குறைகளோடும் கணினி மாதிரி உதவியிருக்கிறது. 2015இல் வெளிவந்த ஆய்வு, இந்தச் சமன்பாடுகளைக் கொண்டு க்ளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் என்ற பாக்டீரியாவை அடையாளம் காட்டியது. எலிகளுக்குக் கொடுத்தபோது தொற்றுக்கு எதிரான தடுப்பு உயர்ந்தது. அது பித்த அமிலத்தை மாற்றி, சி. டிஃபிசிலிக்கு ஒவ்வாத டீஆக்ஸிகோலிக் அமிலத்தை உண்டாக்குகிறது. ஆனால் பித்த உப்பில் ஒட்டியிருக்கும் மூலக்கூறை வேறு இனங்கள் முதலில் கழற்றித் தர வேண்டும். ஆகவே இரண்டு இனங்களுக்கு இடையிலான பாதிப்பு, மூன்றாவது இருக்கிறதா என்பதைப் பொறுத்து மாறும். மாதிரியோ அதை மாறாத எண்ணாக வைத்திருக்கிறது. எலியின் பித்த அமிலங்களும் மனிதருடையவை அல்ல. எலிக்குச் சரியான டோஸ் மனிதருக்குப் பொருந்தாமல் போக இது ஒன்றே போதும்.

எங்கள் கோரிக்கை இதுதான். இத்தகைய மருந்து பற்றிய செய்தியில், எந்தப் பரிசோதனையால் நோய் திரும்பியதாக எண்ணினார்கள், ஆன்டிபயாடிக் நின்று எத்தனை நாளில் மாத்திரை கொடுத்தார்கள், எத்தனை டோஸ்களை ஒப்பிட்டார்கள் என்பவற்றைக் கட்டாயம் வெளியிடுங்கள். மருந்து நிறுவனங்கள், தோற்ற சோதனைகளிலும் ஒவ்வொரு நோயாளியின் பாக்டீரியா எண்ணிக்கையை நாள்வாரியாக, அடையாளம் நீக்கி, பொதுவில் வைக்க வேண்டும். வரம்புக்குக் கீழே என்ன நடக்கிறது என்பது அந்தத் தோல்விகளில்தான் பதிவாகியிருக்கிறது.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல், கணித உயிரியல் துறைகளில் பணியாற்றும் வாசகர்கள்