முதலில் மைனஸ் எஸ் போடு

பாப்பா,

நாங்கள் நலம். அம்மா முழங்கால் வலிக்காகத் தினமும் நடக்கிறாள், சின்னவன் வழக்கம்போலத்தான். மாடிப்படிக்குக் கீழே நீ வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் பெட்டியும் நலம். நேற்று அப்டைம் அடித்துப் பார்த்தேன், 94 நாளாக அணையாமல் ஓடுகிறது. அந்தப் பெட்டி விஷயமாகத்தான் எழுதுகிறேன். வேறு ஒன்றும் இல்லை.

அதில் இருப்பது ஆல்பைன் லினக்ஸ் 3.19. 2023 டிசம்பரில் வந்தது. 2025 நவம்பர் 1-ஆம் தேதியோடு அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது. ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் இரண்டு வருட ஆயுள் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். "தேதியை நான் பாத்துக்கிறேன்ப்பா" என்றும் சொன்னாய். சரி என்று விட்டுவிட்டேன். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் ஒன்று. பேக்கேஜ்களை ஏற்றி இறக்கும் ஏபிகேயில் அப்டேட் அடித்தால் இன்றைக்கும் அது ஓகே என்றுதான் சொல்கிறது. பழைய பதிப்பின் பேக்கேஜ்கள் சர்வரில் அப்படியே கிடப்பதால் பிழை எதுவும் காட்டுவதில்லை. புதிதாக எதுவும் வருவதும் இல்லை. வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒழுங்காக ஓடுகிற மாதிரியே இருக்கும்.

போன சனிக்கிழமை நானே மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பேக்கேஜ்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் ரெப்போசிட்டரீஸ் கோப்பில் மெயின், கம்யூனிட்டி என்று இரண்டு வரி. இரண்டிலும் 3.19-ஐ 3.22 ஆக்கினேன். அப்டேட் அடித்தேன். அப்கிரேடோடு அவைலபிள் என்பதையும் சேர்த்து, கூடவே ஒத்திகை மட்டும் பார்க்கும் மைனஸ் எஸ் போட்டு அடித்தேன். நூற்றுச் சொச்சம் வரி ஓடியது. எது ஏறும், எது இறங்கும், எது போகும் என்று முழுக் கணக்கு. உண்மையில் ஒரு கோப்பும் நகரவில்லை. கடைசி வரிவரை படித்துவிட்டு, இரண்டு வரியையும் மறுபடி 3.19 ஆக்கி, இன்னொரு முறை அப்டேட் அடித்துவிட்டு எழுந்துவிட்டேன். பெட்டி உன்னுடையது.

நீ செய்யும்போதும் முதலில் மைனஸ் எஸ் போடு. இத்தனை வருடம் டெபியன் லினக்ஸில் ஆப்ட் போட்டுப் பழகியவன் நான். கூடச் சேர்ந்து நாலு பேக்கேஜ் வருகிறது, இத்தனை எம்பி ஆகும், தொடரவா என்று அது கேட்டுவிட்டுத்தான் கை வைக்கும். ஏபிகே கேட்பதில்லை. என்டர் தட்டினால் தட்டியதுதான், மூச்சு விடுவதற்குள் முடித்துவிடும். மைனஸ் ஐ போட்டால் மட்டும் நின்று கேட்கும். அந்த வேகத்துக்காகத்தான் உனக்கு அதைப் பிடிக்கும் என்று தெரியும். உன் சுபாவமும் அதுதானே. மாடி அறை விஷயத்திலும் நீ யாரையும் கேட்கவில்லை. சரி, அதை விடு.

நீ கடைசியாகப் பெட்டிக்குள் வந்தது எப்போது என்று பார்க்க ஆசைப்பட்டேன். டெபியன் பழக்கத்தில் லாஸ்ட் என்று அடித்தேன். ஒன்றுமே இல்லை, வெறும் திரை. புரோகிராம்களுக்கு அடியில் இருக்கும் சி நூலகமாக ஆல்பைனில் கிளிப்சி கிடையாது, மஸ்ல்தான். யார் வந்தார், யார் போனார் என்ற அந்தக் கணக்கை மஸ்ல் வைத்துக்கொள்வதே இல்லையாம். அப்புறம் வார் லாக் மெசேஜஸ் என்ற பதிவுக் கோப்பில் தேடினேன். அங்கே இருக்கிறது. தூரத்திலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நீ உள்ளே வந்தால் 'ஆக்செப்டட் பப்ளிக்கீ' என்று ஒரு வரி விழுகிறது, தேதி, நேரத்தோடு. ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை, பத்து. ஒரு வாரம் தவறாமல்.

அந்த லாக்கும் நிலையானது இல்லை. 200 கிலோபைட் ஆனதும் பழையதை மெசேஜஸ்.0 என்று ஒதுக்கி வைக்கும், அடுத்த முறை அதையும் அழித்துவிடும். அதனால் அந்தப் பச்சை நோட்டில் தேதிகளைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். உன்னை வேவு பார்ப்பதாக நினைக்காதே. கடைசி வரி எழுதிப் பதினொரு வாரம் ஆகிறது.

வேலை இருக்கும். எனக்குத் தெரியும். அம்மாவுக்கு நீ அனுப்பிய இரண்டு வரியையும் பார்த்தேன். அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை, கேட்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

நானும் இங்கே சும்மா இல்லை. சின்னவனின் பழைய லேப்டாப்பில் ஆல்பைனை நானே நிறுவினேன், தனியாக. செட்டப் ஆல்பைன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். அதன் பிறகு டிஸ்க்கை எது அடைக்கிறது என்று பார்க்க என்சிடியூவைக் கேட்டால், அப்படி ஒரு பேக்கேஜே இல்லை என்றது. எழுத்தை மாற்றி மாற்றி அடித்தேன். நெட் இல்லையோ என்று கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். ஒன்றரை மணி நேரம். கடைசியில் பார்த்தால் ரெப்போசிட்டரீஸ் கோப்பில் கம்யூனிட்டி வரியின் தலையில் ஒரு ஹேஷ் குறி உட்கார்ந்திருக்கிறது. நிறுவும்போதே அப்படித்தான் வருமாம். அந்த ஒற்றை எழுத்தை எடுத்துவிட்டு அப்டேட் அடித்ததும் இரண்டே நொடியில் வந்து இறங்கியது. உன்னைக் கூப்பிட்டிருந்தால் சிரித்திருப்பாய். ஃபோனைக் கையில் எடுத்தேன். மணி ஆகிவிட்டது என்று வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. எங்கிருந்தோ இறக்கிய ஒரு புரோகிராமை ஓட்டினேன், "நாட் ஃபவுண்ட்" என்றது. எல்எஸ் அடித்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. ஓட்டினால் இல்லை என்கிறது. முன்பு ஒருநாள் இதே குழப்பத்தில் நான் கத்தியபோது நீ பொறுமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது: "கோப்பு இருக்குப்பா. அதைத் தூக்கி மெமரில ஏத்தி விடற லோடர்தான் இங்க இல்ல. அது கிளிப்சிக்காகக் கட்டினது." கிளிப்சி புரோகிராம்களை மஸ்லில் ஓடவைக்கும் ஜிகம்பாட் போட்டேன், ஓடிவிட்டது. எல்லாவற்றுக்கும் அது போதாது என்றும் நீ சொல்லியிருக்கிறாய். எனக்கு இதற்குப் போதுமானதாக இருந்தது. நடைப்பயிற்சி நண்பர்களிடம் சொன்னேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் சொல்லிக் கொடுத்தாள் என்பது மட்டும் புரிந்தது.

அப்புறம் உன் பெட்டியின் வேர்ல்டு கோப்பைத் திறந்தேன். சும்மா படிக்கத்தான், எதையும் மாற்றவில்லை. உள்ளே ஏறியிருக்கிற பேக்கேஜ்கள் நூறைத் தாண்டும், ஆனால் வேர்ல்டில் 23 பெயர்தான். நீ வாயால் கேட்டவை அந்த 23. மற்றதெல்லாம் அவற்றுக்குத் துணையாக வந்தவை. போர்க்பேக்கப், குரோனி, டோஆஸ், ஆர்சிங்க், டிமக்ஸ், விம் எல்லாம் அகர வரிசையில். நடுவில் நானோ.

நீ அந்த நானோ எடிட்டரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. இந்த வீட்டில் விஐ-க்குள் போய்விட்டு வெளியே வரத் தெரியாமல் பெட்டியை அணைக்கப் போனவன் நான் ஒருவன்தான். எனக்காகப் போட்டு வைத்திருக்கிறாய். சொல்லவே இல்லை.

லேப்டாப்பில் ஒரு சோதனை செய்தேன். போர்க்பேக்கப் இருக்கும்போதே பைத்தானை நீக்கச் சொன்னேன். ஏபிகேயோ, வேர்ல்டு பட்டியலை மாற்றிவிட்டேன், ஆனால் இன்ன பேக்கேஜ் இதை நம்பியிருப்பதால் நீக்கவில்லை என்று பட்டியல் போட்டுக் காட்டியது. ஏபிகே டெல் அடிக்கும்போதும் முதலில் மைனஸ் எஸ் போட்டுப் பார். நம்பியிருப்பவர் யாரும் இல்லையென்றால், ஒன்றோடு சேர்த்து அதன் துணைகளையும் கேட்காமலே கூட்டித் தள்ளிவிடும்.

ஒன்று சொல்ல மறந்தேன். ஈடிசி எஸ்எஸ்எச் அடைவில், எஸ்எஸ்எச்டி கன்ஃபிக் பக்கத்திலேயே ஏபிகே நியூ என்று முடிகிற ஒரு கோப்பு கிடக்கிறது. நீ கை வைத்து மாற்றிய கோப்பை ஏபிகே அழிப்பதில்லை, புதியதைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இரண்டையும் ஒப்பிட்டு எது வேண்டும் என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். நான் தொடவில்லை.

தொடவில்லை, தொடவில்லை என்று எத்தனை முறை எழுதிவிட்டேன் என்று இப்போதுதான் திரும்பிப் படித்தேன். இந்தப் பெட்டியில் நான் கை வைத்தது ஒரே ஒரு முறை. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது போலிருக்கிறது.

நீ கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது பெட்டியில் டிஸ்க் கிடையாது. பென்டிரைவிலிருந்து கிளம்பி எல்லாமே ராமில் ஓடும். மாற்றியது எதுவாக இருந்தாலும் எல்பியூ கமிட் அடித்தால்தான் பென்டிரைவில் பொட்டலமாக உட்காரும். அதுவும் சொல்லாவிட்டால் ஈடிசி மட்டும்தான் போகும், மற்ற அடைவுகளை இன்க்ளூட் செய்ய வேண்டும். நீ மூன்று வாரமாக எதையோ கட்டிக்கொண்டிருந்தாய். ஹோம் அடைவில்தான் எல்லாம் இருந்தது. யாரும் தொடாதீர்கள் என்று காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தாய். திரும்பி வந்து பார்த்தபோது பெட்டி புதிதாகப் பிறந்த மாதிரி லாகின் கேட்டுக்கொண்டு நின்றது.

கரண்ட் போயிருக்கும் என்று நான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. ஒரு கமிட் அடிக்க எத்தனை நொடி ஆகும், உன் வேலை எப்போதும் அரைகுறைதான் என்று சாப்பிடும் நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீ ஒன்றும் பேசவில்லை. "ஆமாப்பா, என் தப்புதான்" என்று மட்டும் சொன்னாய்.

அன்றைக்குக் கரண்ட் போகவில்லை, பாப்பா. மாடிப்படிக்குக் கீழே இருந்த பிளக்கில் இஸ்திரிப் பெட்டியைச் செருக நான்தான் உன் ஒயரைப் பிடுங்கினேன். காகிதத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம்தானே என்று நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பச் செருகினேன், விளக்கு எரிந்தது, சரியாகிவிட்டது என்று போய்விட்டேன்.

உனக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கரண்ட் போயிருந்தால் பக்கத்து ஓவன் கடிகாரம் 12:00 என்று மின்னியிருக்க வேண்டும். மோடமும் நின்று கிளம்பியிருக்க வேண்டும், அதன் பக்கத்தைத் திறந்து எத்தனை நாளாக ஓடுகிறது என்று நீ பார்க்காமலா இருந்திருப்பாய்? அடுத்த வாரமே அதில் டிஸ்க் மாட்டி நிறுவினாய். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதை நான் மறந்திருந்தேன் என்று எழுத ஆசை. மறக்கவில்லை. போன முறை நீ வந்திருந்தபோது ஃபோனில் யாரிடமோ, "நான் எதையும் முழுசா முடிக்கிற ஆள் இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அன்றே சொல்லியிருக்கலாம். இப்போது உனக்கு என்ன நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அங்கேயும் யாராவது உன் தப்புதான் என்று சொல்லி, நீயும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறாயோ என்றுதான் ராத்திரியில் யோசிக்கிறேன்.

3.22 மாற்றத்தை உனக்காக விட்டு வைத்திருக்கிறேன். உன் சாவி ஆத்தரைஸ்டு கீஸில் அப்படியே இருக்கிறது, போர்ட்டும் பழையதுதான். ஞாயிறு இரவு உள்ளே வந்தால் போதும், யாரிடமும் பேச வேண்டும் என்றில்லை. ஒரு அப்டேட் அடித்துவிட்டுப் போ. காலையில் லாக்கைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

மைனஸ் எஸ் மறக்காதே.

அப்பா

பி.கு: பெட்டியின் பிளக்கைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறேன். இஸ்திரி இப்போது முன்னறையில்தான் போடுகிறேன்.