இல்லாத சீலுக்கு என்ஜினை இறக்காதே

தண்டையார்பேட்டை
ஞாயிற்றுக்கிழமை காலை

பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் வண்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் நிற்கிறது, ஆயிலை வெளியே விடாமல் பிடிக்கிற ரப்பர் வளையம், அந்தப் பின்பக்க ஆயில் சீல், போய்விட்டது, என்ஜினை இறக்கணும் என்று அங்கே மெக்கானிக் சொல்கிறார் என்றாய். போனிலேயே பதில் சொன்னால் "சரி நைனா, சரி நைனா" என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உன் அம்பாசிடருக்குப் பின்பக்க ஆயில் சீலே கிடையாது.

சிரிக்காதே. 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின், இங்கிலாந்து பி.எம்.சி. கார் கம்பெனியின் பி சீரீஸ் வழி வந்தது. என்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின் முனையில் திருகு மரைபோல ஒரு வெட்டு ஓடும். அதற்குப் பெயர் ஸ்க்ரோல். ஷாஃப்ட் சுற்றும்போது வெளியே வரப் பார்க்கிற ஆயிலை அந்த மரையே உள்ளே திருப்பித் தள்ளிவிடும். ரப்பரும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. என்ஜின் நின்றுவிட்டால் ஸ்க்ரோலுக்கு வேலை கிடையாது. சரிவில் நிறுத்தினால் நாலு சொட்டு விழத்தான் செய்யும். பிறகு அம்பாசிடரில் வந்த ஐசூசூ என்ஜினில் சீல் உண்டு. அந்த மெக்கானிக் அதைப் பார்த்துப் பழகியவராக இருக்கலாம். அவரோடு சண்டை போடாதே.

எனக்கும் இது பட்டுத்தான் தெரிந்தது. மிண்ட் பக்கம் ஒரு மெக்கானிக் ஷெட்டில் வேலை பழகிய காலம், எனக்கு 22 வயது. இரண்டு மாதம் ஓடாமல் நின்ற ஒரு டாக்ஸி, என்ஜினுக்குப் பின்னால் கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கில் இருந்து ஆயில் ஒழுகுது என்று வந்தது. வாத்தியார் ஊரில் இல்லை. நானே பெரிய ஆளாக என்ஜினை இறக்கினேன். சீலைத் தேடினேன், காணோம். யாரோ கழற்றி வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றி ஏற்றிவிட்டேன். மூன்றாம் நாள் அதே வண்டி, அதே ஒழுகல். திரும்பி வந்த வாத்தியார் ஒரு கம்பியை எடுத்து என்ஜின் மூச்சு விடுகிற பிரீத்தர் பைப்புக்குள் விட்டுக் குடைந்தார். குளவி கட்டிய மண் கூடு பொலபொலவென்று கொட்டியது. என்ஜினுக்குள் சேர்கிற காற்றுக்குப் போக வழி இல்லை, அது ஆயிலைப் பின்னால் தள்ளியிருக்கிறது. அந்த மாசச் சம்பளத்தில் கிளட்ச் பிளேட் காசைப் பிடித்துக்கொண்டார். நியாயம்தான்.

அதனால் நீ முதலில் பிரீத்தரைப் பார். என்ஜினின் பக்கவாட்டு மூடியான டாப்பெட் சைடு கவரில் இருந்து கீழே இறங்குகிற பைப், மேல் மூடியான ராக்கர் கவரில் இருந்து ஏர் கிளீனருக்குப் போகிற ஹோஸ், இரண்டையும் கழற்றி ஊதிப் பார். அப்புறம் என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திற. புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. எந்தச் சீலும் அதைத் தாங்காது, அப்போது என்ஜினை இறக்கத்தான் வேண்டும்.

அடுத்து, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடி. மண்ணெண்ணெய் போட்டு என்ஜினைச் சுத்தமாகத் துடை. காய்ந்ததும் முகத்துக்குப் போடுகிற பவுடரை மேலே தூவி, பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார். ராக்கர் கவருக்கு அடியில் வைக்கிற கார்க் பட்டையான கேஸ்கட்டிலும் சைடு கவர் கேஸ்கட்டிலும் கசிகிற ஆயில் என்ஜின் உடம்போடு வழிந்து பின்னால் போய்த்தான் சொட்டும். பத்தில் ஏழு வண்டியில் நான் பார்த்தது இதுதான். கார்க் ஒழுகுது என்று போல்ட்டை இறுக்கி இறுக்கி வைக்காதே, பிதுங்கிக் கிழிந்துவிடும்.

முன்பக்கம் ஈரமாக இருந்தால் அது என்ஜினின் முன் மூடியில் இருக்கிற டைமிங் கவர் சீல். அது நிஜமான சீல்தான், நீயே மாற்றலாம். பழைய சீலைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதே, ஊறி வீங்கியிருக்கும், அளவு ஏமாற்றும். அது உட்கார்ந்திருந்த ஓட்டையையும் சீலுக்குள் சுற்றுகிற புல்லி கழுத்தையும் வெர்னியர் அளவுகோலில் அள. இது அங்குலக் கணக்கு வண்டி. கழுத்து ஒன்றரை அங்குலம் என்றால் 38.1 மி.மீ., கடைக்காரர் 38 எடுத்துக் கொடுப்பார், கழுத்தைத் தொடுகிற ரப்பர் உதடு அதைச் சமாளித்துக்கொள்ளும். வெளிவிட்டத்தில் அந்தக் கதை நடக்காது. 2 அங்குல ஓட்டை என்றால் 50.8 மி.மீ.; 50 போட்டால் ஆடும், 52 ஏறவே ஏறாது. அப்புறம் சீலின் உதட்டை நகத்தால் மடக்கிப் பார். கடையில் பத்து வருஷம் கிடந்து மரத்துப்போன சரக்கு புதுப் பாக்கெட்டில் நிறைய வருகிறது. சாதாரணக் கறுப்பு நைட்ரைல் ரப்பர் 100 டிகிரி வரை தாங்கும், முன்பக்கத்துக்கு அது போதும்.

ஸ்பிரிங் தெரிகிற பக்கம் ஆயிலைப் பார்த்து உள்ளே இருக்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவு. வெளிவிட்டத்துக்குச் சரியான ஒரு சாக்கெட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டு, ஒரு ஓரமாக அடித்தால் கோணிவிடும். புல்லி கழுத்தில் நகத்தை ஓட்டிப் பார். பள்ளம் தட்டுப்பட்டால் சீலை ஒரு மி.மீ. முன்னே பின்னே உட்காரவை, உதடு புது இடத்தில் படட்டும். கவரை மூடும்போது போல்ட்டை லேசாகப் பிடித்துவிட்டு, புல்லியைச் சீலுக்குள் நுழைத்து மையம் பார்த்து, அப்புறம் இறுக்கு. இதை விட்டுவிட்டுத்தான் நிறையப் பேர் "புதுச் சீலும் ஒழுகுது" என்கிறார்கள். சிலிக்கான் பசையை அள்ளிப் பூசாதே. உள்ளே பிதுங்கியது பிய்ந்து ஆயில் பம்ப் வலையில் போய் அடைக்கும்.

வெள்ளிக்கிழமை மெட்ரோ ஏறி எல்.ஐ.சி. ஸ்டேஷனில் இறங்கி, வண்டி சாமான் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். இரண்டு கார்க் கேஸ்கட், ஒரு டைமிங் கவர் சீல், டிரெயின் போல்ட்டுக்குக் காப்பர் வாஷர் வாங்கி பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன். அம்மா அதே பெட்டியில் காசிமேட்டு நெத்திலிக் கருவாடு வைக்கப் பார்த்தாள், தனியாகக் கட்டச் சொல்லிவிட்டேன். சீலைத் தேடிப் பிரிக்கும்போது எது எது என்று மோந்து பார்த்தே தெரிந்துகொள்வாய்.

பவுடர் போட்டுப் பார்த்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. அதுவரை வண்டியை யாரிடமும் விடாதே.

உன் நைனா