கதவை யார் திறப்பது? சிவத்துக்கு ஒரு கடிதம்

திருகோணமலை

அன்பின் சிவம் மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். வாடை தொடங்கிவிட்டது. திருக்கடலூர்ப் பக்கம் வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடக்கின்றன, மீன் விலையைக் கேட்காதே. மிச்சப் புதினங்களைப் போனில் கதைப்பம். நீ கேட்ட விசயத்துக்கு நேரே வருகிறேன்.

பன்னிரண்டு வருசத்துக்கு முதல் கனடாவில் உங்கட ஊர்த் தமிழ் ரிவியில் ஓடின நாடகத்தைத் திரும்பத் தொடங்கப் போகிறீர்கள். நடித்தவர்களில் அரைவாசிப்பேர் இல்லை. "சனம் பழைய முகத்தைத்தான் கேட்கும், என்ன செய்யலாம்?" என்று எழுதியிருக்கிறாய். மச்சான், முகத்தை நினைத்து நீ இவ்வளவு பயப்படத் தேவையில்லை. முகம் மாறினால் சனம் ஒரு கிழமை புறுபுறுக்கும், பிறகு பழகிவிடும். யார் யாருக்கு என்ன செய்தார்கள், யார் எதைத் தெரிந்துகொண்டும் வாய் திறக்காமல் இருந்தார்கள் என்ற பழைய கணக்கைக் கதை மறந்துபோனால்தான் பொறுக்காது.

சன் ரிவியின் 'எதிர்நீச்சல்' நாடகத்தையே எடு. திருச்செல்வம் இயக்கி 2022 பெப்ரவரியில் தொடங்கியது. வீட்டுப் பெண்களை அடக்கி ஆளுகிற மூத்தவன் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி காலமானார். அடுத்த மாதமே அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். 2024 ஜூனில் நாடகம் முடிந்தது, டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று திரும்பி வந்தது. இந்தியாவுக்கும் எங்களுக்கும் மணிக்கூடு ஒன்றுதானே. அங்கே இரவு ஓடினதைப் பற்றி அடுத்தநாட் காலையில் உவர்மலையிலும் பாலையூற்றிலும் கடை வாசலில் கதை நடக்கும்.

குணசேகரன் மாறினபோது "மாரிமுத்து இல்லாமல் என்ன குணசேகரன்" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அது வெறும் பாசம் இல்லை, அதற்குள் சரியான ஒரு கணிப்பு இருந்தது. மாரிமுத்துவின் குணசேகரன் கொடுமைக்காரன், அதேநேரம் சிரிப்பும் மூட்டுவான். "ஏய்... இந்தாம்மா" என்று அவர் இழுக்கிற இழுவையில் பயமும் பகிடியும் சேர்ந்தே வரும். வேல ராமமூர்த்தியின் குரலில் பாரம் கூட, பகிடி குறைவு. அதனால் ஒரே வசனம் இரண்டு பேர் வாயிலும் இரண்டு விதமாக விழுந்தது. புதியவரை அவருடைய பாரத்தோடேயே விட்டபோது எடுபட்டார். பழையவரின் இழுவையைச் சனம் அவரிடம் எதிர்பார்த்த இடங்களில்தான் ஒட்டவில்லை. இதை எழுதி வை: பழைய ஆளின் முத்திரை வசனத்தைப் புது ஆளுக்குக் கொடுக்காதே. அந்த வசனம் இறந்தவரோடு போகட்டும்.

கதாநாயகி ஜனனி விசயம் வேறுமாதிரி. இரண்டாவது சுற்றுக்கு மதுமிதா வரவில்லை, பார்வதி வந்தார். கதாநாயகியே மாறினால் நாடகம் கவிழ வேண்டும், ஆனால் கவிழவில்லை. நான்கு மருமக்களில் மற்ற மூன்று பேரும், ஈஸ்வரியாகக் கனிகா, நந்தினியாக ஹரிப்பிரியா, ரேணுகாவாகப் பிரியதர்ஷினி, அப்படியே இருந்தார்கள். புது முகத்தைச் சுற்றி மூன்று பழைய முகங்கள் நின்று அவளை 'ஜனனி' என்று கூப்பிட்டால் பார்க்கிறவர் மனமும் தானாகவே கூப்பிடத் தொடங்கிவிடும். உனக்கும் இதே அளவுதான்: முதல் இரண்டு கிழமைக்கு ஒரு காட்சியில் ஒரு மாற்றுமுகத்துக்கு மேல் வைக்காதே. இரண்டு மாற்றுமுகங்கள் தனியே நின்று கதைக்கிற காட்சி வந்தால், அது வேறு நாடகம் என்று சனம் முடிவெடுத்துவிடும்.

அந்த நாடகத்தைப் பற்றி இப்போதும் ஓயாத முறைப்பாடு முகத்தைப் பற்றியதே அல்ல. "பெண்கள் ஒரு படி ஏறுகினம், அடுத்த கிழமை திரும்பவும் அதே குசினிக்குள்ள நிக்கினம்" என்பதுதான் அது. கிழமைக்கு ஆறு நாள் ஓடுகிற நாடகத்தில் எதிராளி முழுசாகத் தோற்றால் கதை முடிந்துவிடும். அதனால் எழுதுகிறவர்கள் அவனைத் திரும்பக் கதிரையில் ஏற்றத்தான் வேண்டும். அது குற்றமில்லை. அவன் தோற்றபோது இழந்த எல்லாவற்றையும் திருப்பிக் கொடுப்பதுதான் குற்றம். அவன் வீட்டுக்குத் திரும்பலாம், சாவிக்கொத்து திரும்பக் கூடாது. அதிகாரம் திரும்பலாம், மூத்த மருமகள் அவனைப் பார்த்து எழும்பி நிற்கிற பழக்கம் திரும்பக் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று நிரந்தரமாகக் கைமாறினால் ஆயிரம் எபிசோட் போனாலும் சனம் பொறுக்கும்.

இப்ப உன் வேலைக்கு வா. எழுதத் தொடங்க முதல் ஒரு தடித்த கொப்பி எடு. பழைய நாடகத்தின் முதல் பத்து எபிசோட்டையும் கடைசி இருபதையும் திரும்பப் பார். ஒரு பாத்திரத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கு. முடிந்தபோது வயது என்ன, யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிட்டார், எந்த இரகசியம் அவருக்குத் தெரியும், எது தெரியாது, யாரிடம் கடைசியாக என்ன சொன்னார், யாருக்கு என்ன கடன், காசோ மன்னிப்போ. கடைசி இரண்டும்தான் முக்கியம். முதற்காட்சிகள் எல்லாம் அங்கிருந்துதான் வரவேண்டும்.

முறை சொல்லிக் கூப்பிடுவதை அற்பம் என்று விட்டுவிடாதே. பழைய நாடகத்தில் மருமகள் 'மாமி' என்றிருப்பாள். புதிதாக வசனம் எழுத வருகிற பிள்ளை தமிழ்நாட்டு நாடகம் பார்த்து வளர்ந்தது, 'அத்தை' என்று எழுதும். எங்கட சனத்துக்குக் காதில் முதல் குத்துகிறது அதுதான். ஆனால் என்ன பிழை என்று சொல்லத் தெரியாது. "பழைய மாதிரி இல்லை" என்று மட்டும் சொல்லும்.

அடுத்தது வயதுக் கணக்கு. நிஜத்தில் பன்னிரண்டு வருசம் போயிருந்தால் கதையிலும் பன்னிரண்டு வருசம் போகட்டும். கதையில் மூன்று வருசம்தான் என்றால் நாற்பத்தைந்தில் பார்த்தவர் ஐம்பத்தேழு வயது முகத்தோடு நாற்பத்தெட்டு என்று நிற்பார், எந்த மேக்கப்பும் அதைக் காப்பாற்றாது. எட்டு வயதில் நடித்த பிள்ளைக்கு இப்போது இருபது. அதே பிள்ளை நடிக்க வந்தால் அதிட்டம், வராவிட்டால் மாற்றுவதை ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

வராத ஆட்களை மூன்றாகப் பிரி. காலமானவர்கள், வர விருப்பமில்லாதவர்கள், வர விரும்பியும் நாள் கிடைக்காதவர்கள். காலமானவரின் பாத்திரமும் காலமாகட்டும். மாலை போட்ட படம் ஒன்று சுவரில் இருக்கட்டும், அந்தப் படத்துக்குக் குடும்பத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கு. விருப்பமில்லாதவரைக் கதையில் கொல்லாதே, ஒரு வருசம் கழித்து மனம் மாறி வரக்கூடும். நாள் இல்லாதவருக்கு ஒரே நாளில் நாலைந்து போன் காட்சி எடுத்து வைத்துக்கொள்.

'ட்வின் பீக்ஸ்' என்ற அமெரிக்க நாடகம் 2017இல் திரும்பி வந்தபோது இதை நேர்த்தியாகச் செய்தார்கள். பழைய ஷெரிப் ஹாரியாக நடித்த மைக்கேல் ஒன்ட்கீன் வரவில்லை. அந்தக் கதிரையில் ஹாரியின் தமையன் பிராங் என்று ரொபேட் ஃபோஸ்ரரை இருத்தினார்கள். ஹாரி சுகமில்லாமல் தூரத்தில், போனில் மட்டும். ஒரே முகம் என்று பொய் சொல்லவுமில்லை, அந்த ஆளை மறக்கவுமில்லை. மரக்கட்டை வைத்திருக்கிற அம்மாவாக நடித்த கத்தரின் கூல்சன் கடும் வருத்தத்தோடேயே தன் காட்சிகளை நடித்துக் கொடுத்துவிட்டு 2015 செப்டெம்பரில் போய்விட்டார். கதையிலும் அவர் போனில்தான் விடைபெறுகிறார்.

இதற்கு நேரெதிர் 'ரோசான்' என்ற அமெரிக்கப் பகிடி நாடகம். 1997இல் முடிகிறபோது கணவன் டான் இறந்துவிட்டான் என்று சொன்னார்கள். 2018இல் திரும்பி வந்தால் டான் கட்டிலில் உயிரோடு எழும்புகிறான், ஒரு பகிடியோடு விசயம் முடிந்தது. பகிடி நாடகம் என்றபடியால் தப்பினார்கள். கண்ணீரும் கோபமுமாக ஓடின உங்கட நாடகத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

நேரடியாக முகம் மாற்றத்தான் வேண்டுமென்றால், முதுகைக் காட்டி, காலைக் காட்டி, வளையலைக் காட்டி மூன்று எபிசோட் இழுக்காதே. இழுக்க இழுக்கச் சனம் பழைய முகத்தைத்தான் எதிர்பார்க்கும், ஏமாற்றமும் கூடும். 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டு முதல் ஷொட்டிலேயே முகத்தைக் காட்டிவிடு. பழைய நடிகைக்கு வேறொருவர் டப்பிங் குரல் கொடுத்திருந்தால் அந்தக் குரல்காரியைத் தேடிப் பிடி. குரல் அதுவாக இருந்தால் முகம் அரைவாசி ஏற்றுக்கொள்ளப்பட்ட மாதிரி.

இனி வருகை. எல்லாரையும் முதல் எபிசோட்டிலேயே கொட்டிவிடாதே. எபிசோட்டுக்கு ஒருவர் போதும். ஒவ்வொருவர் வரும்போதும் கதவைத் திறக்கிறவர் யார் என்று கொப்பியைப் பார்த்து முடிவெடு. கணக்குத் தீராத ஆள்தான் திறக்க வேண்டும். வேலைக்காரப் பிள்ளை திறந்து "ஐயா வந்திட்டார்" என்று கத்தினால் காட்சி வாசலிலேயே செத்துவிடும். பிரிட்டிஷ் நாடகமான 'டொக்டர் ஹூ' 2005இல் திரும்ப வந்து, அடுத்த வருசம் பழைய தோழி சாரா ஜேனைக் கொண்டுவந்தது. எலிசபெத் ஸ்லேடன் 1976இல் விட்டுப் போன பாத்திரம். முப்பது வருசத்துக்குப் பிறகு வந்தவள் கட்டிப்பிடித்துச் சிரித்துவிட்டு விடவில்லை. ஏன் என்னைத் தேடி வரவில்லை என்று நாயகன் டொக்டரிடம் கேட்டாள். புதிய தோழி ரோசுக்கும் அவளுக்கும் முதலில் பொறாமை, பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அவனைப் பற்றிச் சிரிக்கிறார்கள். பழைய ஆட்களும் புதிய ஆட்களும் பார்க்கக்கூடியதாக ஒரே காட்சி. உன் எழுத்தாளப் பிள்ளைக்கு வேறொன்றும் காட்டாவிட்டாலும் அதைக் காட்டு.

ஹிந்தியில் 2025 ஜூலையில் திரும்பின 'கியூங்கி சாஸ் பீ கபீ பஹு தீ' வேறொரு வழி. நாயகி துளசியின் கணவன் மிஹிராக முதல் வந்தவர் அமர் உபாத்யாய், பிறகு நெடுங்காலம் ரோனித் ராய். திரும்பி வந்தபோது ஸ்மிருதி இரானியின் துளசிக்குப் பக்கத்தில் முதல் முகமான அமரையே நிறுத்தினார்கள். நினைவில் முதல் பதிந்த முகத்துக்கு உரிமை கூட என்பது அவர்கள் கணிப்பு. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

பெயரை மட்டும் கொண்டுபோவதென்றால் அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். விஜய் ரிவியின் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' இரண்டாவதில் நடிகை ஹேமா திரும்பவும் மீனாதான், ஆனால் ஜீவாவின் மனைவி இல்லை, செந்திலின் மனைவி. மூத்த அண்ணனாக நடித்த ஸ்டாலின் அப்பா ஆகிவிட்டார். புதுக்கதை என்று தெளிவாகத் தெரிந்ததால் ஒருவரும் பழைய கணக்கைக் கேட்கவில்லை. உங்களுக்கு அந்த வழி சரிவராது, தொடர்ச்சி என்று விளம்பரமே போட்டாயிற்று என்கிறாய்.

பழைய காட்சிகளை நினைவாகப் போடுவதென்றால் பதினைந்து விநாடிக்கு மேல் போகாதே. உங்கட பழைய நாடா 4:3 வடிவம். அதை 16:9க்கு இழுத்தால் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள், பெருப்பித்தால் மேலும் கீழுமாகப் படத்தில் காற்பங்கு வெட்டுப்படும். இரண்டு பக்கமும் கறுப்பு விட்டு அப்படியே போடு. கனடாவில் எடுத்தது விநாடிக்கு 29.97 பிரேம், இன்டர்லேஸ், அதாவது ஒவ்வொரு பிரேமும் ஒன்றுவிட்ட கோடுகளாக இரண்டு பாதியாகப் பதிவானது. அந்தப் பாதிகளைச் சரியாகச் சேர்க்கிற டீஇன்டர்லேஸ் வேலையைச் செய்யாமல் போட்டால் கை அசைகிற இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு விழும். காட்சிக்கும் தலைப்புப் பாட்டுக்கும் உரிமை யாரிடம் என்று இப்பவே கேள். மெட்டு மாறினால் வீடே மாறின மாதிரி. முழுப்பாட்டுக்கு உரிமை கிடைக்காவிட்டால் தொடக்க இசைக்காவது வாங்கப் பார்.

பழைய வீடு இல்லாவிட்டால் மூன்று பொருளைக் காப்பாற்று: வாசற்கதவு, மணிக்கூடு, அப்பா இருக்கிற கதிரை. முன்பு படத்தில் எந்தப் பக்கம் நின்றதோ அதே பக்கம் வை. புது வீட்டின் முதல் ஷொட்டைப் பழைய கமெராக் கோணத்திலேயே எடு.

ஓடத் தொடங்கினபிறகு வருகிற கருத்துகளை எல்லாம் ஒரே கூடைக்குள் போடாதே. முதற் கிழமை வருவது முகத்தைப் பற்றி, அதற்கு ஒன்றும் செய்யாதே. இரண்டாம் மூன்றாம் கிழமை "இழுக்கிறாங்கள்" என்று வந்தால் ஏற்கனவே எடுத்து வைத்ததில் காட்சிகளை இறுக்கு. "அவளுக்கு இது முதலே தெரியுமே, ஏன் தெரியாத மாதிரி நிக்கிறாள்" என்று ஒரே ஒரு ஆள் எழுதினாலும் அன்றைக்கே கொப்பியைத் திற. அந்த ஆள் சொல்வது சரியாகத்தான் இருக்கும், பிழையை அடுத்த கிழமைக்குள் ஒரு வசனத்தால் அடைக்கலாம். மூன்று மாதம் விட்டால் அடைக்க முடியாது.

முதல் மூன்று எபிசோட் எழுதியதும் அனுப்பு. கொப்பியையும் படம் பிடித்துச் சேர்த்து அனுப்ப வேண்டும், அது இல்லாமல் நான் வாசிக்கமாட்டேன். அந்தச் சித்தப்பா பாத்திரம் கடைசியில் காணி உறுதியை யாரிடம் கொடுத்தது என்று எனக்கே ஞாபகமில்லை, அதை முதலில் பார்.

அன்புடன்,
நாதன்