வாக்கைப் பற்றி நான் கேட்கவில்லை

அன்பின் பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் பிரஷர் இறங்கியிருக்கிறது. மருந்தை ஒழுங்காகப் போடுகிறா, ஊறுகாயை மட்டும் விடுகிறா இல்லை. கொக்குவில் காணி விஷயம் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மாமியின் பெடியன் அடுத்த கிழமை வருகிறான், அவனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் அம்மா கட்டியிருக்கிறா. கடிதம் வருவது அவவுக்குத் தெரியாது.

போனில் கதைக்கலாமே என்பாய். கதைக்கிறோம்தான். ஞாயிற்றுக்கிழமையில் எடுக்கிறாய், சாப்பிட்டியளோ, அங்கே மழையோ என்று கேட்கிறாய், அம்மா அண்ணாவின் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. உன் விமானக் கொம்பனியில் வேலைநிறுத்த வாக்கெடுப்பு நடக்கப் போகிறது என்று ஒரு முறை சொன்னாய். பிறகு அந்தப் பேச்சே இல்லை. நானாகக் கேட்டால் "அதை விடுங்கோ அப்பா" என்கிறாய். அம்மா பக்கத்தில் இருக்க எனக்கும் அதற்கு மேல் வாய் வராது.

நீ எப்படி வாக்குப் போடுகிறாய் என்று நான் கேட்கவில்லை. அது இரகசிய வாக்கு, கனடாச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது, தகப்பனுக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான் படித்ததை எழுதலாம்தானே.

உன் கொம்பனியின் பெயரை இதில் எழுத மாட்டேன். கடிதம் எவர் கையில் போகும் என்று தெரியாது என்பது எனக்குப் பழைய பயம். எயர் கனடாக்காரரின் கதை ஊரறிந்தது, அதை எழுதலாம். 2025 ஓகஸ்டில் இருந்து அதை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறேன். 10,000 பேருக்கு மேல் விமானப் பணியாளர்கள். வாக்குப் போட்டவர்களில் 99.7 சதவீதம் வேலைநிறுத்தத்துக்கு ஆம் என்றார்கள். எங்கள் சங்கத்தில் தேநீர் வேண்டுமா என்று கேட்டிருந்தால்கூட அப்படி ஒரு கணக்கு வந்திராது. 16 ஆம் திகதி அதிகாலை வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பகல் ஆவதற்குள் அமைச்சர் தொழிற் சட்டத்தின் 107 ஆம் பிரிவோடு வந்துவிட்டார். வேலைக்குத் திரும்புங்கள், மிச்சத்தை நடுவர் தீர்ப்பார் என்று. சங்கத் தலைவர் அந்த உத்தரவின் பிரதியை ரொறன்ரோ விமான நிலையத்தில் கமராக்களுக்கு முன்னால் கிழித்தார். 18 ஆம் திகதி தொழில் உறவுகள் சபை இது சட்டவிரோதம் என்றது. அப்போதும் ஒருவரும் உள்ளே போகவில்லை. 19 ஆம் திகதி விடியுமுன் உடன்பாடு வந்தது, விமானம் தரையில் நிற்கும்போது செய்கிற வேலைக்கும் சம்பளம் என்று.

அந்த வீடியோவை நான் எத்தனை தரம் பார்த்தேன் என்று அம்மாவைக் கேள். கிழித்த கையைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிமிர்ந்தது. அன்றைக்கு இரவு நித்திரையும் வரவில்லை, அந்த வரிசையில் நீ நின்றால் என்ன என்று.

ஏனென்றால் தரையில் நிற்கிற நேரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நாங்கள் வந்திருந்தபோது நீ வேலை செய்த விமானத்தில் வன்கூவருக்குப் போனோமே. அம்மா ஜன்னல் பக்கம் இருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தா, நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்துவதற்கு முதல் நீ என்னென்ன செய்தாய். ஒரு தடியன் மேலே ஏறாத பெட்டியை ஏற்றித் தரச் சொல்லி உன்னோடு சண்டை பிடித்தான். ஒரு பஞ்சாபி ஆச்சிக்குக் குளிசை போடத் தண்ணீர் கொண்டுவந்து, அவ விழுங்கும்வரை குந்தியிருந்தாய். பின்னுக்கு ஒரு குழந்தை சத்தி எடுத்தது, அதையும் நீதான் துடைத்தாய், முகத்தில் அந்தச் சிரிப்பு மாறவேயில்லை. பிறகு ஏதோ கடதாசி வரவில்லை என்று விமானம் நின்ற இடத்திலேயே கனநேரம் நின்றது. ஆட்கள் எல்லோரும் உன்னைத்தான் ஏசினார்கள்.

அந்த நேரம் முழுவதற்கும் மணித்தியாலச் சம்பளம் கிடையாது, விமானம் நகர்ந்த பிறகுதான் மணி ஓடத் தொடங்கும் என்று இரவு ஹோட்டலில் சொன்னாய். நான் நம்பவில்லை. நீ பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினாய். தேர் இருப்பு விட்டு நகர்ந்த பிறகுதான் கூலி, வடம் பூட்டினவனுக்கும் கட்டை போட்டவனுக்கும் ஒன்றுமில்லை என்றால் எந்தக் கோயிலில் தேர் ஓடும்? கேட்பது நியாயம். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

நியாயம் வேறு, மாத முடிவு வேறு. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

1980 யூலையில் இங்கே அரசாங்க ஊழியர்கள் நாங்கள் வேலைநிறுத்தம் செய்து கேட்டதும் நியாயம்தான். மாதம் 300 ரூபா கூட்டித் தரச் சொன்னோம். சாமான் விலை ஏறிய ஏற்றத்துக்கு அது ஒன்றுமேயில்லை. ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தைக் கையில் எடுத்தது. சொன்ன நாளுக்குள் கந்தோருக்குத் திரும்பாதவன் பதவியை வறிதாக்கியவன், அவ்வளவுதான். விசாரணை இல்லை, விளக்கம் இல்லை. 40,000 பேருக்கு மேல் தெருவில். ஆளுங்கட்சியின் தொழிற்சங்கம் எங்களோடு சேரவில்லை, சேராதது மட்டுமில்லை, அடிக்கவும் வந்தார்கள். இதெல்லாம் நீ கேட்டுக் கேட்டு அலுத்த கதை. சாப்பிடும்போது நான் தொடங்கினால் நீயும் அண்ணாவும் கண்ணால் கதைப்பீர்கள், எனக்குத் தெரியாதென்று நினைத்தீர்களா?

நீ கேளாத பகுதி ஒன்று இருக்கிறது. வேலை போய்க் கொழும்பில் இருந்து வந்து நீதிமன்றத்துக்கு முன்னால் அந்தத் தட்டச்சு மிஷினோடு இருந்தேன் அல்லவா, முதலில் எனக்கு வந்த வேலை பெரும்பாலும் வேலையைத் திரும்பக் கேட்கிற எங்கள் ஆட்களின் மேன்முறையீடுதான். "நான் கடும் சுகவீனமுற்றிருந்தமையால் கடமைக்குச் சமூகமளிக்க முடியாது போனதேயன்றி வேலைநிறுத்தத்தில் விரும்பிக் கலந்துகொண்டவனல்ல என்பதைப் பணிவுடன் அறியத் தருகிறேன்." ஒரே வசனம்தான். பெயரும் கந்தோரும் வருத்தமும் மாறும். ஒருவருக்கு நெருப்புக் காய்ச்சல், அடுத்தவருக்குச் செங்கமாரி. காபன் வைத்து மூன்று பிரதி. என்னோடு ஒரே மேடையில் கோஷம் போட்டவர் பக்கத்து வாங்கில் இருந்துகொண்டு, "மாஸ்டர், எனக்கு எந்த வருத்தம் பொருத்தமாக இருக்கும்?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. அவருக்கு நான்கு பெண் பிள்ளைகள்.

அம்மா ஒருநாள் எனக்கென்று தாளும் காபனும் மிஷினில் ஏற்றி வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. நான் அந்தத் தாளில் வேறு ஆளின் காணி மனுவை அடித்தேன். அதைப் பற்றி அவ ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் காப்பு இரண்டும் அடைவுக்குப் போயின. நீ அவவின் கையில் காப்பைக் கண்டதேயில்லை, அண்ணா போட்டுக் கொடுக்கும் வரைக்கும்.

வேலை இருந்திருந்தால் 83 கலவரத்தில் கொழும்பில் எரிந்திருப்பீர்கள், போனதும் நல்லதுக்கே என்று மாமா இன்றைக்கும் சொல்வார். இருக்கலாம். அதற்காக ஜே. ஆருக்கு நன்றி சொல்ல என்னால் முடியாது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். கனடா இலங்கை இல்லை என்பாய். தெரியும். அங்கே சமரசக் காலம் முடிந்து 21 நாள் போக வேண்டும், இறங்குவதற்கு 72 மணித்தியாலத்துக்கு முதல் அறிவித்தல் கொடுக்க வேண்டும், வாக்கு 60 நாளுக்குச் செல்லும். வாக்குப் போட்ட அடுத்த நாளே இறங்குவதில்லை, அநேகமாக வாக்கைக் கண்டே கொம்பனி இறங்கி வரும். எல்லாம் படித்துவிட்டேன். ஆனால் 107 என்று ஒரு பிரிவு அங்கேயும் இருக்கிறதுதானே. துறைமுகத்துக்கும் ரயிலுக்கும் தபாலுக்கும் 2024 இல் அதைத்தானே எடுத்தார்கள். எயர் கனடாக்காரர் கிழித்தார்கள், தப்பினார்கள். உங்கள் ஆட்கள் கிழித்தால் தப்புவார்களா என்று யார் உத்தரவாதம் தருவது?

ஆகவே சொல்வதைக் கேள். முன் வரிசையில் நிற்காதே. பத்திரிகைக்காரரோடு கதைக்காதே. சீருடையோடு படம் எடுத்து ஒன்றிலும் போடாதே. கொம்பனி தந்த கடிதம் ஒவ்வொன்றையும் பிரதி எடுத்து வீட்டில் வை, அவர்களின் கணினியில் வைக்காதே. உடன்பாடு வந்தால் கடைசித் தாள் வரை வாசி. எயர் கனடாவில் செப்டெம்பரில் 99.1 சதவீதம் பேர் சம்பளப் பகுதியை வேண்டாம் என்று தள்ளினார்கள், ஆனால் அதற்காக மறுபடி இறங்க முடியாது என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. கடைசித் தாளில்தான் எல்லாம் இருக்கும். நான் அதை அடித்துச் சாப்பிட்டவன். பிரதி எடுத்து வை.

முன்னுக்கு நிற்காதே என்றுதான் சொன்னேன். மற்றவர்கள் வெளியே நிற்க நீ மட்டும் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போகச் சொல்லவில்லை. அதை எந்த நிலைமையிலும் செய்யாதே. வீட்டுக் கடனுக்காகவும் செய்யாதே. எங்களுக்காகவும் செய்யாதே.

வீட்டுக் கடன் என்றதும் ஞாபகம் வந்தது. இரண்டு சம்பளம் வருகிற வீடு என்றால் ஒரு வேலைநிறுத்தத்தை எப்படியும் தாங்கும். கிழமைக் கணக்கில் வாய்தா வாங்கலாம், வங்கியோடு கதைக்கலாம். ஒரு சம்பளம் என்றால் அது வேறு கணக்கு. பொதுவாகச் சொல்கிறேன்.

மருமகன் சுகமா? அவர் குரலைக் கேட்டுக் கனநாள். பொங்கலுக்குக் கதைக்கவில்லை, வேலையில் நிற்கிறார் என்றாய். அம்மாவின் பிறந்தநாளுக்கும் வேலை. அவருக்கு வேலை கூடினால் நல்லதுதான், நான் ஒன்றும் குறையாகச் சொல்லவில்லை. வீடியோவில் உன் பின்னால் தெரிகிற சுவரும் வேறாக இருக்கிறது. பெயின்ற் மாற்றியிருப்பாய். அம்மா அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் எனக்குச் சொல்லவில்லை. எங்களுக்குள் அப்படித்தான்.

உன் வயதில் இந்த ஒழுங்கையில் எத்தனை பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு ஒரு கோல் எடுப்பதில்லை. நீ மாதம் தவறியதில்லை. இதை நான் போகிற வருகிற எல்லோரிடமும் சொல்வேன், உன்னிடம்தான் சொன்னதில்லை. ஆனால் பிள்ளை, சுகம் கேட்கிறவளுக்கு உள்ளதைச் சொல்லவும் தெரிய வேண்டும். எங்களை என்ன வேற்று ஆட்கள் என்று நினைத்தாயா? அம்மா ஏற்றி வைத்த தாளில் என் பெயரை அடிக்காமல் விட்டவன் நான். உன் கதை எதைக் கேட்டாலும் தலையிலே கை வைத்துக்கொண்டு இருக்க மாட்டேன்.

இந்த மாதமும் காசு வந்தது. வழமையை விடக் கூட வந்திருக்கிறது. வேலைநிறுத்தத்துக்கு வாக்குப் போடப் போகிற பிள்ளை கூட்டி அனுப்புவது ஏன் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். எங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்றா? அம்மாவின் மருந்து கிளினிக்கில் சும்மாதான் கிடைக்கிறது. எனக்குப் பென்சன் இல்லையென்றாலும் அண்ணா அனுப்புவதில் மிச்சம் பிடிக்கிறோம். ஓட்டை ஒழுக்கு ஒன்றுமில்லை, கூரை போன வருடம்தான் பார்த்தது. தேங்காய் விலையைக் கேட்டு நீ பயப்பட வேண்டாம், வளவில் இரண்டு மரம் காய்க்கிறது.

தை மாதத்தில் இருந்து நீ அனுப்பியதில் நான் கை வைக்கவில்லை. புத்தகத்தில் அப்படியே கிடக்கிறது. அம்மாவிடம் எடுத்தேன், செலவழித்தேன் என்றே சொல்லியிருக்கிறேன், நீயும் மாற்றிச் சொல்லிவிடாதே. அது உங்களுக்கு ஒரு மாதத்துக்காவது போதும். வங்கியில் கேட்டேன், வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு ஏதோ படிவம் நிரப்ப வேண்டுமாம், சரிவராவிட்டால் மாமியின் பெடியன் அங்கே உனக்குத் தருவான், நான் இங்கே மாமியிடம் கொடுப்பேன். அவனிடம் ஒன்றும் விளக்கம் சொல்லத் தேவையில்லை, கடன் திருப்பினேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எந்தக் கணக்குக்கு என்று மட்டும் வட்ஸ்அப்பில் எனக்குத் தனியாக எழுது, அம்மாவின் போனுக்கு அனுப்பாதே. உன் பெயரில் மட்டும் உள்ள கணக்காக இருக்கட்டும்.

அப்பா