கணக்குப் பாடத்துக்கு எதற்கு செல்போன்?

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வாரம் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா என் அறைக்கு வந்தார். ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் போடும் பட்டறையில் வேலை பார்ப்பவர். "சார், பாடம் பாடம்னு சொல்லி ராத்திரி போனை எடுத்துக்கிறான். எட்டிப் பார்த்தா ஏதோ ஒரு கோடு மேலயும் கீழயும் ஆடிக்கிட்டு இருக்கு. இதுவா கணக்கு?" என்று கேட்டார். "இதுதான் கணக்கு, உட்காருங்க" என்றேன். முழுசாக நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இன்னும் பல வீடுகளில் இதே சந்தேகம் இருக்கும் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடுகளின் வரைபடம், பதினொன்றில் சார்புகளின் (ஒரு எண்ணைப் போட்டால் ஒரு விடை தரும் விதிகளின்) வரைபடங்களை நகர்த்துவது, விரிப்பது, கவிழ்ப்பது எல்லாம் வருகின்றன. இதற்கு டெஸ்மாஸ் என்ற இணைய வரைபடக் கணிப்பானைப் பயன்படுத்துகிறோம். 2011இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. காசு கிடையாது, கணக்குத் திறக்கவும் வேண்டாம். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் 2001இல் பிறந்த ஜியோஜீப்ராவும் இதே வேலையைச் செய்யும். உங்கள் பிள்ளைக்கு அது பழக்கமாகியிருந்தால் அதுவே போதும்.

ஆனால் நாங்கள் போனில் தொடங்கவில்லை, தரையில்தான் தொடங்கினோம். பழைய கட்டட வராந்தாவில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது அல்லவா, அதைவிட நல்ல வரைபடத்தாள் எந்தக் கடையில் கிடைக்கும்? நடுவில் நான்கு கற்கள் சேரும் முனையை ஆதிப்புள்ளி என்று வைத்து, சாக்பீஸால் இரண்டு அச்சுகளையும் இழுத்தோம். எக்ஸ் எத்தனையோ அதன் வர்க்கம் அத்தனை கல் மேலே என்று கணக்கிட்டு, மைனஸ் 3 முதல் 3 வரை ஏழு இடங்களில் புளியங்கொட்டை வைத்தார்கள். 9, 4, 1, 0, 1, 4, 9. எழுந்து நின்று பார்த்தால் அழகான பரவளையம், அதாவது கிண்ணம் மாதிரி ஒரு வளைவு.

அப்புறம் ஏழு கொட்டைகளையும் மூன்று கல் வலப்பக்கம் தள்ளச் சொன்னேன். தள்ளினார்கள். "இப்போது இதன் சமன்பாட்டை எழுதுங்கள்" என்றேன். ஏறக்குறைய எல்லோரும் எழுதியது (எக்ஸ் + 3)². வலப்பக்கம் போனால் கூட்டல் என்று கை தானாகவே எழுதிவிடுகிறது. ஒரு மாணவியை அடியில் இருக்கும் கொட்டையிடம் நிற்கச் சொன்னேன். அங்கே எக்ஸின் மதிப்பு 3. "நீ எழுதிய சமன்பாட்டில் 3ஐப் போடு." 6ன் வர்க்கம் 36. "அப்படியானால் இந்தக் கொட்டை முப்பத்தாறு கல் தள்ளி, வேப்பமரத்தடியில் அல்லவா கிடக்க வேண்டும்?" என்றதும் சிரிப்பு. சரியான சமன்பாடு (எக்ஸ் − 3)². அதில் 3ஐப் போட்டால் பூஜ்யம், கொட்டை இருக்கிற இடத்திலேயே இருக்கும்.

இந்தக் கழித்தல் குறி பிள்ளைகளைப் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. வலம் போனால் மைனஸ், இடம் போனால் பிளஸ் என்று மனப்பாடம் செய்துகொண்டு தேர்வில் மாற்றி எழுதிவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், ஒப்புக்கொள்கிறேன். இப்போது பஸ்ஸை வைத்துச் சொல்கிறேன். காலை 8 மணிக்கு வர வேண்டிய பஸ் இன்று மூன்று நிமிடம் தாமதம். உங்கள் கடிகாரத்தில் 8.03. இந்த நேரத்தில் பஸ் எங்கே இருக்கும் என்று தெரிய, அட்டவணையில் எந்த வரியைப் பார்ப்பீர்கள்? 8.00 என்ற வரியை. கடிகாரத்திலிருந்து 3ஐக் கழித்துவிட்டுத்தான் அட்டவணையைப் பார்க்கிறோம். எல்லாம் பின்னால் தள்ளிப் போயிருப்பதால்தான் அந்தக் கழித்தல். அடைப்புக்குறிக்குள் நடப்பது இதேதான். அடைப்புக்கு வெளியே 2ஐக் கூட்டினால் அந்தச் சிக்கலே இல்லை. விடை வந்த பிறகு கூட்டுகிறோம், வளைவரை நேராக இரண்டு அலகு மேலே ஏறும்.

இதற்கெல்லாம் பிறகுதான் போன். (எக்ஸ் − ஏ)² என்று தட்டினால், ஏ என்ற எழுத்துக்கு ஒரு நகர்த்தி (இழுத்து எண்ணை மாற்றும் பொத்தான்) வேண்டுமா என்று அதுவே கேட்கும். விரலால் அதை இழுக்க இழுக்கப் பரவளையம் உருக்குலையாமல் பக்கவாட்டில் ஓடும். முன்னால் ஒரு எண்ணைப் பெருக்கி அதை 1இலிருந்து 4 ஆக்கினால் ஒடுங்கும், பாதியாக்கினால் அகலும், மைனஸ் ஆக்கினால் குப்புறக் கவிழும். தாளில் இப்படி நாற்பது படம் வரைய நாற்பது தாளும் ஒரு வாரமும் ஆகும். அந்த அப்பா ராத்திரியில் பார்த்த 'ஆடுகிற கோடு' இதுதான்.

போன் சொல்வதையெல்லாம் நம்பிவிடக் கூடாது என்பதையும் பாடமாகவே வைத்திருக்கிறோம். ஒரு மாணவன் அடைப்புக்குறியை விட்டுவிட்டு எக்ஸ் − 3² என்று தட்டினான். பரவளையத்துக்குப் பதில் நேர்கோடு வந்தது. ஆப் கெட்டுவிட்டது என்று கொண்டுவந்து நீட்டினான். 3ன் வர்க்கம் 9, அதனால் அது எக்ஸ் − 9 என்ற கோட்டை ஒழுங்காகத்தான் வரைந்திருந்தது. இன்னொரு மாணவி இரண்டு விரலால் திரையைப் பெரிதாக்கிவிட்டு, பரவளையம் அகன்றுவிட்டது என்றாள். அச்சில் எண்கள் மாறியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. முக்கோணவியலுக்கு வரும்போது கோணத்தை அளக்கும் அலகு பாகையா ரேடியனா என்று அமைப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சைன் வளைவரையை 90 தள்ளினாலும் கொசைன் வளைவரை மேல் போய் உட்காராது.

அரசுப் பொதுத்தேர்வில் கணக்குப் பாடத்துக்குக் கணிப்பான் கிடையாது. பத்தாம் வகுப்பு வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண், அதைத் தாளில் பென்சிலால்தான் வரைய வேண்டும். அளவுத்திட்டம் எழுத வேண்டும், புள்ளிகளைக் கையால் இழைவாக இணைக்க வேண்டும். ஆகவே வீட்டுப்பாடத்தில் வரிசை இதுதான்: முதலில் தாளில் வரைவது, பிறகு போனில் சரிபார்ப்பது, எங்கே பிசகியது என்று தாளின் ஓரத்தில் ஒரு வரி எழுதுவது. தாள் இல்லாமல் போன் மட்டும் கையில் இருந்தால் நீங்கள் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

உங்களிடம் கேட்பது வாரத்தில் மூன்று நாள், மாலையில் அரை மணி நேரம், கூடத்தில் நாலு பேர் இருக்கிற இடத்தில் போன். டெஸ்மாஸ் செயலியை ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும், ஆகவே டேட்டாவை அணைத்துவிட்டே கொடுங்கள். வீட்டில் அப்படிப்பட்ட போன் இல்லாத பிள்ளைகளுக்குச் செவ்வாய், வியாழன் மாலை 4.30 முதல் 5.30 வரை கணினி அறை திறந்திருக்கும். இதற்காகப் புதுப் போன் யாரும் வாங்க வேண்டாம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த அப்பாவிடம் நகர்த்தியை இழுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரே அச்சுல போட்ட பூவு சார், கல்லை எங்க பதிச்சாலும் பூவு மாறாதுல்ல" என்றார். அவர் சொன்னது கல் போடுகிற அச்சு, நாங்கள் கரும்பலகையில் எழுதுவது வரைபடத்தின் அச்சுக்கோடு. அதையும் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு அச்சும், கல்லை வார்க்கும் கண்ணாடிப் பலகையும் கொண்டுவந்து, கல் எப்படிப் போடுவது என்று பதினொன்றாம் வகுப்புக்குக் காட்டச் சம்மதித்திருக்கிறார். வியாழன் காலை 11 மணி, அதே வராந்தா. நேரம் இருக்கிறவர்கள் நீங்களும் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்